கண்ணாடி வழியே வந்த வெயில்

தில்லியில் ஜனவரி மாதத்தின் நடுப்பகுதி. காலை பத்து மணி வரையிலும் மூடுபனி கலையாத நாட்கள். யமுனைக்குக் கிழக்கே, நான்காவது மாடியில் உள்ள என் மகளின் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன. பனி விலகியதும், கூடத்து ஜன்னலின் கண்ணாடி வழியே ஒரு பாய் விரித்த அளவுக்கு வெயில் தரையில் விழும். அந்த வெயிலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பச்சை நிறத்தில் ஓர் உயிர். அதை நான் 'ஓணான்' என்றே அழைத்து வந்தேன். பேரன் ஒவ்வொரு முறையும் திருத்துவான்: "ஓணான் இல்லை தாத்தா, இகுவானா."

அவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தபோது, அவனுடைய பிடிவாதத்திற்கு இணங்கி வாங்கி வந்தது. அப்போது ஒரு சாண் நீளமே இருந்தது. இரண்டு ஆண்டுகளில், வாலோடு சேர்த்து இரண்டடியை எட்டிவிட்டது. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆற்றோரத்து மரங்களின் உயர்ந்த கிளைகளில் வெயில் காய்ந்து வாழும் இனம் அது. முழு வளர்ச்சி பெற்றால் ஐந்தடி நீளம் வரும். நன்கு பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். வாங்கியபோது இவற்றில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதெல்லாம், "இது சைவம், கீரை போதும்" என்பதுதான். சைவம் என்ற அந்த ஒரு சொல்லே எங்கள் வீட்டில் அதற்கு இடம் வாங்கித் தந்துவிட்டது.

அதை நாங்கள் நன்றாகவே வைத்திருப்பதாக நம்பினோம். காலையில் பாலக் கீரையைப் பொடியாக நறுக்கிக் கொடுப்பான் பேரன். மதியம் வாழைப்பழத் துண்டு. நான் உணவருந்தும்போது என் தட்டிலிருந்து ஒரு விரல் தயிர்சாதம் எடுத்து நீட்டுவேன். அது நாக்கை நீட்டி அதைத் தொட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை. இரவுக் குளிருக்கு என்னுடைய பழைய கம்பளித் துண்டு ஒன்றை மகள் அதன்மேல் போர்த்துவாள். பகலில் வெயில் படும் இடமாகப் பார்த்துப் பெட்டியை நகர்த்தி வைப்போம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் திரண்ட தொடைகளைப் பார்த்து, "நன்றாகக் கொழுத்திருக்கிறதே" என்பார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஜனவரியில் அது உண்பதை நிறுத்தியது. ஐந்து நாட்கள் மலம் கழியவில்லை, வயிறு உப்பிவிட்டது. பின்னங்கால் விரல்கள் இடைவிடாமல் துடித்தன. ஆறாவது நாள் உடலைத் தரையிலிருந்து தூக்க முடியாமல், வயிற்றால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் மிகச் சிலரே. ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்தது, அதன் கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்ல அழுத்தியதுதான். தாடை ஈரமான அட்டையைப் போல வளைந்தது. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடங்களில் தசையின் நிழலுக்கும் எலும்பின் நிழலுக்கும் வேறுபாடே தெரியவில்லை. தொடை எலும்பு ஒன்றில் ஒரு முறிவும் இருந்தது. அது எப்போது நேர்ந்தது என்பதை நாங்கள் அறியவேயில்லை.

"என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" பேரன் ஒவ்வொன்றாகச் சொன்னான். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். "வெயில்?" என்றார். "தினமும் வெயிலில்தான் இருக்கிறது" என்றேன் நான், சற்று வேகமாகவே. அவர் கேட்டார்: "கண்ணாடிக்கு அப்பாலா, இப்பாலா?"

அன்று அவர் விளக்கியதையும், பின்னர் நாங்கள் படித்து அறிந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் நமக்குத் தெரியும் ஒளியும் உண்டு, உணரக்கூடிய வெப்பமும் உண்டு, கண்ணுக்கும் தோலுக்கும் புலப்படாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. அக்கதிர்களில் ஒரு வகை தோலில் பட்டால்தான் இந்த உயிரின் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அது இல்லையேல், உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் ஏற்காது. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒளியையும் வெப்பத்தையும் உள்ளே விடுகிறது. அந்த ஒரு வகைக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் அது வெயிலில் இருந்தது. இரண்டு ஆண்டுகளும் அதற்கு வெயில் கிடைக்கவில்லை.

உணவும் அதே கதைதான். பாலக் கீரை நமக்கு நல்லது. ஆனால் அதில் உள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. வாழைப்பழத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பன்மடங்கு. இந்த உயிருக்கோ கால்சியம்தான் இரண்டு பங்காக இருக்க வேண்டும். தயிர்சாதத்தைப் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்துபோனால் தசைகளும் இதயமும் ஒழுங்காக இயங்கமாட்டா. ஆகவே உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்திற்குக் கொடுக்கிறது. கரைந்த எலும்பைத் தாங்குவதற்காக அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து நிரம்புகிறது. தாடை பருக்கிறது, தொடை திரள்கிறது. நாங்கள் கொழுமை என்று கண்டு மகிழ்ந்தது அந்த நோயைத்தான். குடலை அசைப்பதும் தசையே ஆதலால் அதுவும் தளர்ந்துபோயிற்று. போதாக்குறைக்குத் தில்லிக் குளிர். நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வன அதை வெளியிலிருந்து பெறுகின்றன. இந்த இனத்திற்குப் பகலில் 35 டிகிரி அளவுக்குச் சூடுள்ள ஓர் இடம் வேண்டும். இல்லையேல் உண்ட இலை செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் கம்பளி? கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் காக்கிறது, அவ்வளவே. காப்பதற்கு வெப்பமே இல்லாத ஓர் உடலின்மீது நாங்கள் அதைப் போர்த்தியிருந்தோம்.

இதைக் கேட்டபோது எனக்குப் பேகன் நினைவு வந்தது. மயிலுக்குப் போர்வை அளித்த அந்த வள்ளலை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே போற்றி வருகிறோம். இத்தகைய ஈகைக்குப் பழந்தமிழர் 'கொடைமடம்' என்று ஓர் அழகான பெயரும் வைத்தார்கள். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்பது புலவர் கருத்து. அவன் செயலில் மயிலுக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. போர்வையை உதறிவிட்டுத் தோகை விரித்திருக்கும். பெட்டிக்குள் அடைபட்ட உயிரால் எதை உதற முடியும்? நாம் தருவதைத் தவிர வேறொன்று அதற்குக் கிடைக்காத நிலையை நாமே ஏற்படுத்திய பின்பு, கொடைமடம் அழகாக இருப்பதில்லை.

வீடு திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "நான்தான் இதைக் கெடுத்தேனா, தாத்தா?"

'இல்லை' என்று சொல்லத்தான் நா எழுந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க வேறென்ன சொல்வது? ஆனால் அது உண்மையன்று. "நாம் எல்லாரும் சேர்ந்து கெடுத்தோம். அன்பு இல்லாமல் அல்ல, தெரியாமல்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் வந்தான். பிறகு, "தெரிந்துகொள்ளாமல்" என்று திருத்தினான். ஓணானை இகுவானா என்று திருத்துவானே, அதே குரலில்.

தெரியாமல் செய்வதற்கும் தெரிந்துகொள்ளாமல் செய்வதற்கும் உள்ள தொலைவை அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். அன்பு உள்ளத்தின் தூய்மையைப் பொறுத்தது, அறிவு அதற்குப் பிந்தியது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். நானும் அப்படித்தான் கருதியிருந்தேன். 'மனம் நல்லதாக இருந்தால் போதும்' என்று எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை. என் மனம் நல்லதாகத்தான் இருந்தது. அதன் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. எனக்கு இனிப்பாக இருந்ததைக் கொடுத்தேன். எனக்குக் கதகதப்பாக இருந்ததைப் போர்த்தினேன். என் கண்ணுக்கு வெயிலாகத் தெரிந்த இடத்தில் வைத்தேன். இவற்றில் எதிலும் அது இல்லை, நானே இருந்தேன். நம் பஞ்சாங்கங்களில் 'பல்லி விழும் பலன்' என்று ஒரு பகுதி உண்டல்லவா? தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று நமக்கு நேரப்போவதை எல்லாம் பார்க்கிறோம். விழுந்த பல்லிக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் கண்டதில்லை.

இங்கே ஒரு சொந்த நினைவையும் சொல்லிவிட வேண்டும். என் தாயார் தம் இறுதி மூன்று ஆண்டுகளை என்னுடன் தில்லியில் கழித்தார். ஊரில் திண்ணையிலும் முற்றத்திலும் வாழ்ந்தவர். நான் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தேன். "கொஞ்சம் வெயிலில் உட்கார வேண்டும்" என்பார். நான் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு, "இதோ வெயில், அம்மா" என்பேன். அவரும் உட்காருவார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். வயதாகிவிட்டது, மறந்துவிடுகிறார் என்று எண்ணினேன். அவர் கேட்டது மண்ணில் பாதம் பட, நாலு பேர் போவதும் வருவதும் தெரிய, காற்றோடு கூடிய வெயிலை என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? கேட்கத் தெரிந்த உயிர் அது. தமிழில், என்னிடம், திரும்பத் திரும்பக் கேட்டது. பேசத் தெரியாத ஓணானின் தேவை எனக்கு விளங்கவில்லை என்பதில் வியப்பு என்ன?

மறுநாளிலிருந்து சிகிச்சை தொடங்கியது. வெப்பம் தரும் விளக்கு ஒன்று, புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு ஒன்று. திரவக் கால்சியத்தை ஊசியில்லாத சிரிஞ்சினால் சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். தினமும் இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில், தலை மூழ்காமல், அமர்த்த வேண்டும். உணவில் முருங்கை இலை, மல்பெரி இலை, செம்பருத்தியின் இலையும் பூவும். மல்பெரி மரங்கள் தில்லியில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அவை குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும். எனவே முதல் மாதம் முழுவதும் முருங்கையைத் தேடிச் சந்தை சந்தையாக நான் அலைந்தேன். நான்காவது நாள் நீரில் இருந்தபோது அதன் குடல் திறந்தது. ஓர் ஓணான் மலம் கழித்ததற்காக ஒரு குடும்பமே மகிழ்ந்த நாள் அது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான விதி வேறொன்று: "தேவைக்கு மேல் கையில் எடுக்காதீர்கள்." எலும்பு அவ்வளவு மெலிந்திருந்தது. பேரனுக்கோ அதைத் தோளில் ஏற்றிக்கொள்வதுதான் பேரின்பம். பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையை இறக்குமுன்பே அதைத் தூக்குகிறவன். இப்போது பெட்டிக்கு அருகில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மேலும், நாய் வாலை ஆட்டும், பசு கையை நக்கும். இது ஒன்றும் செய்யாது. மருந்து கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். சற்றுத் தெம்பு வந்ததும் வாலால் அடித்தது. தன்னைக் காப்பாற்றியவன் யார் என்று அதற்குத் தெரியுமா என்பதே ஐயம்தான். பலனை எதிர்பாராத பணியைப் பற்றி நான் அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கட்டிய கைகளோடு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான், அது எவ்வளவு கடினம் என்பது புரிந்தது.

அக்கம்பக்கத்தில் கேள்வி எழாமல் இல்லை. "ஓர் ஓணானுக்கா இவ்வளவு செலவு? பசித்த மனிதர்கள் எத்தனை பேர்!" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று இது. விளக்குகளுக்கு ஆன தொகையில் ஓர் ஏழை மாணவனுக்கு ஓராண்டுப் புத்தகங்கள் வாங்கியிருக்கலாம். சில இரவுகள் யோசித்தேன். முடிவில் எனக்குத் தோன்றியது இதுதான்: தானம் என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டும். கடன் என்றால் கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும். காட்டில் ஒரு பல்லி நோயுற்றுக் கிடந்தால் அதைக் காப்பாற்றுவது கருணை. நாங்கள் விலை கொடுத்து வாங்கி, பெட்டியில் அடைத்து, நாங்களே நோயாளியாக்கிய உயிரைக் காப்பாற்றுவது கருணையாகாது. மாணவனுக்குப் புத்தகம் வாங்கும் பணத்தை வேறு எங்கிருந்தாவது நான் தேட வேண்டும். இந்தக் கடனைத் தள்ளிவைத்து அல்ல.

"பூங்காவில் விட்டுவிடுங்கள், அதன் வழியில் வாழட்டும், அதுவே அகிம்சை" என்றார் இன்னொருவர். கேட்பதற்கு இனிமையான யோசனை. அதன் வழி யமுனைக் கரையில் இல்லை. தில்லியின் ஜனவரி இரவு அதைக் கொன்றுவிடும். சற்று வெப்பமான ஊராக இருந்து அது பிழைத்துவிட்டாலோ, தீங்கு வேறு விதமாக வரும். அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படி விடப்பட்டவையும் தப்பியவையும் பெருகி, அவ்வூரின் செடிகொடிகளுக்கும் உயிர்களுக்கும் கேடாகிவிட்டன. 2018 ஜனவரியில் அங்கே கடுங்குளிர் வந்தபோது அவை விறைத்துப் போய் மரங்களிலிருந்து விழுந்ததை உலகமே படங்களில் கண்டது. தன் பொறுப்பைக் கை கழுவிவிட்டு அதற்கு விடுதலை என்று பெயரிடுவது எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதில் இப்போது தெளிவாக இருக்கிறது. உடும்பு போன்ற நம் நாட்டு வன உயிர்களை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இகுவானா போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதையும் பின்னர்தான் அறிந்து செய்தோம்.

பாகவதத்தில் பரத மன்னரின் கதையை அறிந்த அன்பர்கள் வேறொரு வினாவை எழுப்பக்கூடும். அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமிருந்தவர், சிங்கத்தின் முழக்கத்திற்கு அஞ்சித் தாய்மான் தாவியபோது நீரில் விழுந்த குட்டியை எடுத்து வளர்த்தார். அதன்மேல் கொண்ட பற்றினால் தவம் குலைந்து, மறு பிறவியில் மானாகவே பிறந்தார். அப்படியிருக்க, ஓர் ஓணானுக்காக உள்ளத்தை இப்படி ஈடுபடுத்தலாமா? அந்தக் கதை குட்டியை ஆற்றோடு விட்டிருக்க வேண்டும் என்று கூறுவதாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்தது சரியே. பிறகு அந்தக் குட்டி துள்ளுவதும் மடியில் உறங்குவதும் அவருக்கு இன்பமாயின; அது காணாமற்போனால் அவருக்குத் துன்பமாயிற்று. மான் தனக்குத் தரும் இன்பத்தில் அவர் சிக்கினார். என் மனத்தில் பற்று வளர்ந்தது எப்போது என்று பார்த்தால், தயிர்சாதம் கொடுத்த நாட்களில்தான். முருங்கை இலை தேடி அலைந்த நாட்களில் அது குறைந்துகொண்டே வந்தது; ஆனால் அக்கறை வளர்ந்தது. இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட உயிரை இனி யாரேனும் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. நான்காவது மாடியில் ஓர் அமெரிக்க ஆற்றங்கரையை அமைக்க முடியாது. எவ்வளவு கற்றாலும் நாங்கள் தருவது ஒரு மரக்கிளையின் சாயலைத்தான். பேரன் இன்னும் நான்கு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போய்விடுவான். அதற்கு அப்போது ஆறு வயதுதான் ஆகியிருக்கும். அதன் பிறகு யார் பார்ப்பது என்று என் மகளும் மருமகனும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினார்கள். நான் எத்தனை ஆண்டுகள் இருப்பேன் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகள் வெண்ணிறமாகத் தெரிந்தன, முறிவு கூடியிருந்தது. வளைந்த தாடை வளைந்தபடியேதான் இருக்கும், முதுகின் கூனும் நிமிராது என்றார் மருத்துவர். இப்போது காலையில் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக ஒரு கம்பிக்கூட்டில் வைக்கிறோம். இடையே கண்ணாடி இல்லை. வெயில் போதுமென்றால் அதுவே நிழலுக்கு நகர்ந்துகொள்கிறது. நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

குளிர்காலத்திற்கு அந்தக் குழல்விளக்கு வேண்டும். அது பல ஆண்டுகள் எரியும்; ஆனால் அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் ஓர் ஆண்டுக்குள் குறைந்துவிடும். கண்ணுக்கு அதே வெளிச்சம்தான் தெரியும், உயிருக்கு வேண்டியது அதில் இருக்காது. ஆகவே பேரன் விளக்கை மாற்ற வேண்டிய தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறான். நேற்று அதன் கீழே, "மறந்தால் தாத்தாவிடம் கேட்கவும்" என்று ஒரு வரி கூடியிருந்தது.